பன்னிரு கட்டைகளுக்கு அப்பால்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தேவாலயத்துப் பியானோவின் முன் அமரும் இளைஞனுக்கு முதலில் கிடைப்பது நான்கு குரல்களாக அமைக்கப்பட்ட ஞானப்பாட்டு ஏடு. மேற்குரல் மெட்டைச் சொல்லும், இடைக்குரல்கள் இரண்டும் அதற்குத் துணை நிற்கும், கீழ்க்குரல் அடித்தளமிடும். ஓராண்டுப் பழக்கத்தில் ஏட்டில் உள்ளதை உள்ளவாறே வாசித்துவிடலாம். அதன் பின்னரே உண்மையான கல்வி தொடங்குகிறது. கீழ்க்குரலை இடக்கையால் இரட்டித்து முழக்கக் கற்கிறான். ஓர் இசைத்தொகையிலிருந்து அடுத்ததற்குத் தாவாமல், இடைப்பட்ட சுரங்களின் வழியே நடந்து செல்லக் கற்கிறான். முந்தைய சுரமொன்றைச் சற்றே நிறுத்தி வைத்து, காது ஏங்கும் தருணத்தில் விடுவிக்கக் கற்கிறான். சபையார் மூச்சு வாங்கும் இடத்தில் சிறு இணைப்பொன்றை அங்கேயே புனைந்து, அடுத்த அடிக்கு அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லவும் கற்கிறான். பாட்டு பழையது, அதை அணிசெய்யும் கை மட்டுமே அவனுடையது.

ஆனால் போதகர் அடுத்ததாகக் கீர்த்தனை ஒன்றை அறிவித்ததும் அந்தக் கை தயங்குகிறது. ஆனந்தபைரவியிலோ தோடியிலோ அமைந்த மெட்டைச் சபையார் குழைந்து பாட, பியானோ மட்டும் படிப்படியாக ஏறி இறங்குகிறது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று; அசைந்து வாழ்வது. பியானோவின் கட்டையோ ஓரிடத்தில் அறையப்பட்டது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்னும் வினா தமிழ் நாட்டுத் தேவாலயங்களில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா ஆகும். அவ்வினாவை விளையாட்டாக எண்ணாமல், தம் செல்வத்தையும் வாழ்நாளின் பிற்பகுதியையும் அதற்கே செலவிட்ட ஒருவர் தஞ்சையில் வாழ்ந்தார். அவரே ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர்.

வேப்பந்தட்டையில் கூடும் நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் அவர் வரலாற்றை நினைவுகூர்வது பொருத்தமே. கொள்ளிடத்தின் வடகரையில், நம் அரியலூர்ப் பகுதியைச் சேர்ந்த ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ் வளர்த்த வீரமாமுனிவரை நாம் அறிவோம். அதே ஆற்றின் தென்புறத்தே தஞ்சையில் தமிழிசைக்கு ஒரு கடலையே அமைத்தவர் பண்டிதர். ஒருவர் அயல்நாட்டிலிருந்து வந்து தமிழாக மாறியவர். மற்றவர் தமிழில் பிறந்து, அயல்நாட்டு இசையையும் கற்று, தமிழின் பழைய இசையிலக்கணத்தைத் தேடிச் சென்றவர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் நெல்லைச் சீமையில் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் முத்துசாமி, அன்னம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். கிறித்தவக் குடும்பம். ஆதலின் பாட்டு என்பது அவர் செவிக்கு இரு வழிகளில் வந்திருக்க வேண்டும். அவ்விரு வழிகளின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிக் காண்பது நலம்.

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரும் அவர் வழி வந்தோரும் ஜெர்மானியத் துதிப்பாடல்களைத் தமிழாக்கி, ஜெர்மானிய மெட்டுகளிலேயே பாடுவித்தனர். பெப்ரீஷியஸ் ஐயர் மொழிபெயர்த்த ஞானப்பாட்டுகள் இன்றும் வழங்குகின்றன. அவற்றின் பக்திச் சுவையில் குறையில்லை. எனினும் கவிஞர்கள் கவனிக்க வேண்டிய ஓர் இடர் அவற்றில் உண்டு. ஜெர்மானிய மெட்டு அசையழுத்தத்தை நம்பி நடப்பது. தமிழ் யாப்போ குறில் நெடில் அளவை நம்பி நடப்பது. ஆகவே மெட்டு நீளும் இடத்தில் குறில் வந்து நெடிலாக இழுபடுகிறது; மெட்டு விரையும் இடத்தில் நெடில் வந்து குறுகுகிறது. சொல் தன் உருவை இழந்து ஒலியாக நிற்கிறது.

இவ்விடரைத் தம் பாடல்களாலேயே தீர்த்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த அவர், சரபோசி மன்னரின் காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி முதலிய நூல்களையும், பல கீர்த்தனைகளையும் இராக தாளத்தோடு இயற்றினார். பின்வந்த குருமார் சிலர் வழிபாட்டில் தமிழ்க் கீர்த்தனைகள் ஒலிப்பதை விரும்பவில்லை. அதை எதிர்த்து அவர் வாதாடினார். அவர் தரப்பில் சாதி வேற்றுமையைக் காக்கும் பிடிவாதமும் கலந்திருந்தது. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் இசையைப் பொறுத்தவரை காலம் அவர் பக்கமே நின்றது. மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் 1853இல் அக்கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அது முதல் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே வழிபாட்டில் அருகருகே அமர்ந்தன.

இவ்விரு மரபுகளும் கூடிய சூழலில் வளர்ந்த ஆபிரகாம், ஆசிரியப் பயிற்சிக்காகத் திண்டுக்கல் சென்றார். அங்கே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் கற்றார். அவர் கைக்கு வந்த முதற் கருவி பிடிலாக அமைந்தது கருதத்தக்கது. பிடிலும் ஐரோப்பாவிலிருந்து வந்ததே. ஆனால் அதற்குக் கட்டையும் இல்லை; மெட்டும் இல்லை. விரல் நழுவும் இடமெல்லாம் சுரம். ஆகவேதான் தஞ்சை வடிவேலு போன்றோரின் கையில் அது விரைந்து தமிழ் பேசத் தொடங்கியது. பியானோவுக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. இழைந்து செல்லும் விரலுக்கும் அறையப்பட்ட கட்டைக்கும் உள்ள வேற்றுமையைப் பண்டிதர் இளமையிலேயே தம் விரல் நுனியில் உணர்ந்திருப்பார் என்று கருத இடமுண்டு.

அக்காலத்திலேயே அவருக்கு மருத்துவத்திலும் நாட்டம் மிகுந்தது. 1877ஆம் ஆண்டளவில் சுருளி மலைக்கு மூலிகை தேடிச் சென்றபோது, கருணானந்தர் என்னும் துறவியைக் கண்டு அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். வேப்பந்தட்டையில் நின்று மேற்கே பச்சைமலையைக் காணும் நமக்கு, மலைக்குச் சென்றவன் மருந்தோடு திரும்புவது புதுமையன்று. புதுமை வேறொன்றில் இருந்தது. கிறித்தவராகவே வாழ்ந்த பண்டிதர், அத்துறவியின் பெயரைத் தம் வாழ்நாள் முழுதும் தலைமேல் தாங்கினார். பின்னாளில் அவர் செய்த மருந்துகளுக்கும், அவர் அமைத்த கருணானந்தபுரம் என்னும் தோட்டத்திற்கும் அப்பெயரே நின்றது. அவர் எழுதிய பெருநூலின் தலைப்பிலும் கருணை என்னும் சொல்லே முதலில் நிற்கிறது. சமய எல்லை நன்றிக்கு எல்லையாகாது என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அடுத்த ஆண்டில் இருவரும் தஞ்சைக்கு வந்து, லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணி ஏற்றனர். 1890இல் அப்பணியை விட்டு முழு நேர மருத்துவரானார். அவர் மருந்துகள், குறிப்பாகக் கோரோசனை மாத்திரை, நாடெங்கும் பெயர் பெற்றன. செல்வம் சேர்ந்தது. தஞ்சை நகருக்குப் புறத்தே வாங்கிய நிலத்தில் மூலிகைகளும் கரும்பும் பிற பயிர்களும் வளர்த்து, வேளாண்மை ஆய்வுக்கு அதை ஒரு களமாக்கினார். மக்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். 1909இல் அரசு அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கியது. அக்காலத்தில் அந்நிலையை எட்டிய ஒருவர் எஞ்சிய நாட்களை இளைப்பாறலில் கழித்திருக்கலாம். பண்டிதரோ அந்தச் செல்வத்தை இசைக்கு இட்ட முதலாகக் கருதினார்.

தஞ்சையில் ஏ. ஜி. பிச்சைமுத்து என்பாரிடம் மேனாட்டு இசையை முறையாகக் கற்றார். கருநாடக இசையை வித்துவான்களோடு பழகித் தெளிந்தார். இரு முறைகளையும் ஒருங்கே அறிந்தபோது அவருக்கு இரண்டு குறைகள் புலப்பட்டன.

முதற்குறை மொழியைப் பற்றியது. இசை பயிலத் தொடங்கும் தமிழ்ப் பிள்ளை முதல் நாளிலிருந்தே பொருள் விளங்காத பிறமொழிச் சாகித்தியத்தை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. ஆகவே கீதம், சுரசாதி, கீர்த்தனை எனப் பயிற்சி முறைக்கேற்பத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பாடல்களைத் தாமே இயற்றி, சுரக் குறிப்போடு 1907இல் கருணாமிர்தசாகரத் திரட்டு என்னும் பெயரில் வெளியிட்டார். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது 1943இல் என்பதை நினைத்தால், 36 ஆண்டுகளுக்கு முன்னரே அவர் கால்கோள் இட்டமை விளங்கும்.

இரண்டாம் குறை சுருதியைப் பற்றியது. இதுவே அவரை ஆட்கொண்டது. அதனைச் சிறிது விளக்குவோம். ஒரு சட்சத்திற்கு இளியாகிய பஞ்சமத்தைக் காண்கிறோம். அப்பஞ்சமத்தையே புதிய தொடக்கமாக்கி அதன் பஞ்சமத்தைக் காண்கிறோம். இவ்வாறு பன்னிரண்டு முறை சென்றால், ஏழு தானங்களுக்கு அப்பால் தொடங்கிய சுரத்திற்கே திரும்ப வேண்டும். ஆனால் தூய பஞ்சமமாகிய மூன்றுக்கு இரண்டு என்னும் அளவை வைத்துக்கொண்டு சென்றால் வட்டம் மூடுவதில்லை. அரைச்சுரத்தின் நாலில் ஒரு பங்களவு மிகுந்து நிற்கிறது. ஐரோப்பியர் இம்மிகுதியைப் பன்னிரண்டு கட்டைகளுக்கும் பகிர்ந்தளித்தனர். ஒவ்வொரு பஞ்சமமும் மிகச் சிறிதளவு குறைந்தது, வட்டம் மூடியது, எந்தக் கட்டையிலிருந்தும் எந்தப் பாட்டையும் தொடங்கலாம் என்றாயிற்று. பகிரும் முறைகள் பலவாக இருந்தன. இன்றைய பியானோ சமமாகப் பகிரும் முறையிலேயே சுருதி கூட்டப்படுகிறது.

இவ்விடத்தில் ஐரோப்பியர் ஒருவரை நினைவுகூரலாம். யோகான் செபாஸ்டியன் பாக், இருபது வயதை ஒட்டிய இளைஞராக ஆர்ன்ஷ்டாட் நகரத் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். நான்கு வார விடுப்பில் லூபெக் நகருக்குச் சென்று, புக்ஸ்டெகூட என்னும் பெரியவரின் வாசிப்பைக் கேட்டு மயங்கி, நான்கு மாதம் அளவும் தங்கிவிட்டார். திரும்பி வந்து ஞானப்பாட்டுகளுக்குத் துணை வாசித்தபோது, புதிய அணிகளையும் அயற்சுரங்களையும் அள்ளிச் சேர்த்தார். சபையார் மெட்டைத் தவறவிட்டுத் திகைத்தனர். 1706 பிப்ரவரியில் சபை அதிகாரிகள் அவரை அழைத்துக் கண்டித்தனர். சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியதும் அதே ஆண்டில்தான். ஒரு பக்கம் ஞானப்பாட்டு தமிழ் மண்ணுக்கு வரக் கப்பலில் இருந்தது. மறுபக்கம் அதன் பிறந்த நாட்டிலேயே அதை எவ்வளவு அணிசெய்யலாம் என்னும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பின்னர் 1722இல் அதே பாக், பன்னிரண்டு சுரங்களிலிருந்தும் தொடங்கும் இசைப்படைப்புகளைத் தொகுத்து, வட்டம் மூடிய விசைக்கருவியின் ஆற்றலை உலகுக்குக் காட்டினார்.

பண்டிதர் அந்த வட்டத்தைச் சிலப்பதிகாரத்தில் கண்டார். ஆய்ச்சியர் குரவையிலும், அரங்கேற்று காதையிலும், அவற்றின் உரைகளிலும் வரும் பாலை முறைகளை அவர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். பன்னிரு இராசிகளில் சுரங்களை நிறுத்தி, இளிமுறையில் வலம் வரும் அமைப்பு அங்கே இருப்பதைக் கண்டார். தொடங்கிய இடத்திற்கே திரும்பாத வட்டம் வட்டமாகாது. ஆகவே சுர இடைவெளிகள் சமமாக இருந்திருக்க வேண்டும் என்பது அவர் துணிபு. ஆயப்பாலையில் பன்னிரண்டு சுரங்கள், அவற்றைப் பாதியாக்கினால் வட்டப்பாலையில் இருபத்துநான்கு, திரிகோணப்பாலையில் நாற்பத்தெட்டு, சதுரப்பாலையில் தொண்ணூற்றாறு. இவ்வாறு கட்டைகளுக்கு நடுவே உள்ள நுண்சுரங்களுக்கு அவர் ஒரு கணக்கு வகுத்தார். பாடகரின் கமகம் எந்த நுண்ணிடத்தைத் தொடுகிறது என்பதற்கும் அக்கணக்கிலேயே விடை தேடினார்.

இக்கொள்கை அக்காலத்து அறிஞர் பலரோடு அவரை மோத வைத்தது. பரதர், சார்ங்கதேவர் ஆகியோரைப் பின்பற்றி இருபத்திரண்டு சுருதிகள் என்பதே நாடெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கருத்து. மேற்கிந்தியாவில் தேவல், கிளெமென்ட்ஸ் ஆகியோர் அக்கணக்கின்படி தனி ஹார்மோனியமே செய்வித்திருந்தனர். பண்டிதர் தனியொருவராக வாதாடாமல் அவையைக் கூட்டினார். 1912 மே மாதம் தஞ்சையில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தம் சொந்தச் செலவில் அடுத்தடுத்து மாநாடுகள் நடத்தினார். வித்துவான்களை வரவழைத்து, விருந்தளித்து, தம்மை மறுத்துப் பேசவும் இடம் தந்தார். கருத்து மாறுபாட்டுக்கு விருந்து வைத்த பெருந்தன்மை எளிதில் காணக்கூடியதன்று.

1916 மார்ச் மாதம் பரோடா மன்னரின் ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. பண்டிதர் அங்குச் சென்று தம் இருபத்துநான்கு சுருதிக் கொள்கையை எடுத்துரைத்தார். அவர் மகள் மரகதவல்லி முதலிய குடும்பப் பெண்கள் அவர் கூறியவற்றைப் பாடிக் காட்டினர். பெண்கள் அவையேறிப் பாடுவது குடும்ப மதிப்புக்கு ஒவ்வாது என்று பலர் கருதிய காலம் அது. அவரோ தம் ஆராய்ச்சிக்குச் சான்றாகத் தம் வீட்டுப் பெண்களின் குரலையே முன்னிறுத்தினார். வாதம் அங்கே முடிந்துவிடவில்லை. ஆனால் தமிழ் நூல்களைச் சான்றாகக் கொண்ட ஓர் இசைக் கொள்கை வடநாட்டு அவையில் ஒலித்தது.

1917இல் கருணாமிர்த சாகரம் முதற்பகுதி வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்கள். அதனை அச்சிடத் தமக்கென மின்சார அச்சகமே தஞ்சையில் நிறுவியிருந்தார். தமிழிசையின் தொன்மை, இசைவாணர் பட்டியல், சுருதிக் கணக்குகள், பிறர் கொள்கைகளின் மறுப்பு எனப் பலவும் அதில் அடங்கும். அதற்கடுத்த பகுதியை முடித்து வெளியிடுமுன், 1919 ஆகஸ்டு 31ஆம் நாள் பண்டிதர் தஞ்சையில் காலமானார். அறுபதாம் பிறந்த நாள் கடந்து ஒரு மாதமும் நிறையவில்லை. எஞ்சிய பகுதியைக் குடும்பத்தார் 1946இல் வெளியிட்டனர்.

அவர் கொள்கை முழுவதும் வென்றதா என்றால், இல்லை என்றே கூற வேண்டும். 1947இல் வெளிவந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூல் இருபத்திரண்டு அலகு முறையையே கொண்டது. பாடகரின் குரல் சமமான கால் சுரங்களில் நிற்பதில்லை என்பதே பின்வந்தோர் பலரின் கருத்து. ஆயினும் சிலப்பதிகாரத்தை இசை நூலாகப் படிக்க வேண்டும் என்று அவர் திறந்த வழியிலேயே அவரை மறுத்தவர்களும் நடந்தனர். விடை மறுக்கப்பட்டது, வினா நிலைபெற்றது.

அவர் வாழ்வில் ஒரு நுட்பமான முரணும் உண்டு. கட்டைகளுக்கு அப்பாலுள்ள தமிழிசையைத் தேடிப் புறப்பட்டவர், சமமான பன்னிரண்டு என்னும் பியானோவின் கணக்கிலேயே வந்து நின்றார். இதை அயலிசையின் தாக்கம் என்பர் சிலர். வட்டம் மூட வேண்டும் என்று விரும்பிய இரு நாகரிகங்கள் ஒரே இடத்தில் சந்தித்தன என்றும் கொள்ளலாம். எவ்வாறாயினும், இரண்டையும் கற்றவருக்கே அந்தச் சந்திப்பு தென்பட்டது. ஒன்றை மட்டும் கற்று மற்றதை இகழ்ந்தவர்க்கு அது புலப்பட்டிராது.

தேவாலயப் பியானோவின் முன் தயங்கி அமர்ந்திருக்கும் இளைஞனிடம் திரும்புவோம். கீர்த்தனைக்கு நான்கு குரல் இசைத்தொகைகளை அடுக்கினால் இராகம் மூச்சுத் திணறும். அனுபவம் உள்ள கைகள் வேறு வழி காண்கின்றன. இடக்கை சட்சத்தையும் பஞ்சமத்தையும் தம்புராவைப் போல் மெல்ல ஒலிக்கிறது. வலக்கை மெட்டை மட்டும் ஏந்தி, அசையும் சுரம் வருமிடத்தில் பக்கத்துக் கட்டையை ஒரு கணம் தீண்டி மீள்கிறது. தோடி அதனால் முழுமையாகப் பிறந்துவிடாது. ஆனால் சபையார் அதைத் தம் தோடி என்று அறிந்துகொள்வர். சில இடங்களில் கையை எடுத்துவிட்டுச் சபையாரின் குரலைத் தனியே விடுவதும் ஓர் அணியே. எவ்வளவு சேர்ப்பது என்பதைப் பாக் கண்டிக்கப்பட்டுக் கற்றார். எங்கே நிறுத்துவது என்பதை ஒவ்வொருவரும் தம் காதால் கற்க வேண்டும்.

கவிஞர்களாகிய நமக்கும் இது பொருந்தும். யாப்பு நமக்குத் தரப்பட்ட கட்டைகள். அவற்றை மட்டும் அழுத்துவோர் செய்யுள் செய்வர். அவற்றுக்கு நடுவே நிற்கும் உயிரொலியைத் தேடுவோர் கவிதை செய்வர். ஆனால் கட்டைகளை அறியாதவருக்கு அவற்றின் நடுவிடம் எதுவென்று தெரியாது.

இன்னும் ஒன்று. பண்டிதர் கூட்டிய மாநாடுகள் அவரோடு நின்றன, விருந்துகள் மறந்தன, பட்டமும் பழங்கதை ஆயிற்று. எஞ்சியது அவர் அச்சிட்டு வைத்த நூல். ஒரு வட்டத்தின் பத்தாண்டு என்பது கூடிக் கலைந்த மாலைகளின் எண்ணிக்கை அன்று. நாம் பேசியவற்றுள் எதை எழுதி வைத்தோம், நம்மை மறுக்க வருவோர்க்கும் எதைக் கையளித்தோம் என்பதே கணக்கு. அக்கணக்கை நேர்மையாகப் பார்க்கும் துணிவை ஆபிரகாம் பண்டிதரின் வாழ்வு நமக்கு அளிப்பதாகுக.